மாத்திரை வதந்தி தொட்டு பிஎச்டி வரைக்கும்: கேளுங்க, சொல்றன்

எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். நான் மட்டக்களப்பு கல்லடி ஆள். மீடியா சைக்காலஜியும் ஹெல்த் கொமியூனிகேஷனும் சேர்ற இடத்தில பிஎச்டி செய்து இப்ப கெம்பஸ்ல படிப்பிக்கிறன். நேத்து கேள்வி கேளுங்க எண்டன், இவ்வளவு வரும் எண்டு நினைக்கல்ல. ஏலுமானதுக்கு பதில் சொல்றன்.

மிஸ், இது டொக்டர் வேலையா, பத்திரிகை வேலையா? வீட்ட கேட்டா என்னண்டு சொல்ற? (ஏஎல் ஆர்ட்ஸ், களுவாஞ்சிக்குடி)

ரெண்டும் இல்ல தங்கச்சி. எங்கட அம்மா இண்டைக்கும் பக்கத்து வீட்ட "மகள் டிவியப் பத்தி ஏதோ படிச்சவ" எண்டுதான் சொல்லுவா. ஒரு சுகாதாரச் செய்தி போன்லயோ ரேடியோவிலயோ வந்தா ஆள் நம்புறாரா, பயப்படுறாரா, கேட்டுட்டு பேசாம இருக்காரா, ஏன் அப்பிடி, அதத்தான் தேடுறம். நாடகத்தில வாற ஆள நம்மட சொந்தக்காரர் மாதிரி நினைச்சு ஏசுறமே, அதுக்கு ஹோர்ட்டன், வோல் எண்ட ரெண்டு ஆராய்ச்சியாளர் 1956லயே 'பாராசோஷல்' எண்டு பேர் வெச்சிட்டாங்க. மெக்சிகோவில மிகேல் சபிதோ எண்டவர் 1970கள்ல அந்தப் பாசத்த வெச்சே குடும்பக் கட்டுப்பாட்ட டிவி நாடகத்துக்குள்ள கொண்டு வந்தார்.

இந்தப் படிப்பு நம்மட ஊருக்கு என்னத்துக்கு? (அம்பாறை)

தம்பி, அம்பாறையில இருந்துகொண்டு இதக் கேக்கிறீங்களே! 2018 பெப்ரவரில உங்கட டவுன் முஸ்லிம் சாப்பாட்டுக்கடையில கறிக்குள்ள கிடந்த ஒரு கட்டிய, சிங்கள ஆக்கள மலடாக்கப் போட்ட மாத்திரை எண்டு சொல்லி, கடையும் உடைஞ்சு பள்ளிவாசலும் உடைஞ்சது. மறுகா அரச பகுப்பாய்வாளர் பாத்துட்டு மாக்கட்டி எண்டார், அப்பிடி மலடாக்குற மாத்திரை உலகத்திலயே இல்ல எண்டும் விளங்கப்படுத்தினாங்க. ஆனா பேஸ்புக் வீடியோ முந்திட்டு, உண்மை பிந்திட்டு. சனத்துக்கு விஞ்ஞானம் தெரியாததால வந்த பிரச்சின எண்டு இதச் சொன்னா நான் ஒத்துக்கொள்ள மாட்டன். ஏற்கனவே மனசில கிடந்த பயத்துக்கு அந்தக் கட்டி ஒரு சாட்சி மாதிரி வந்திட்டு, அவ்வளவுதான். மக்குவையர் எண்ட மனோதத்துவ ஆராய்ச்சியாளர் 1960கள்ல சொன்ன ஒரு யோசினை இருக்கு, தடுப்பூசி போடுற மாதிரி பொய் எப்பிடி வேல செய்யும் எண்டத முதலே கொஞ்சம் காட்டி வெச்சா ஆள் பிறகு லேசா ஏமாற மாட்டார் எண்டு. நான் ஒரு பள்ளிக்கூடத்தில இதச் செய்யப்போனன், பிள்ளையள் நல்லா பிடிச்சாங்க, மாஸ்டர்மார்தான் வட்ஸ்அப்ல பழையபடி போர்வேட்.

டெங்கு நோட்டீஸ் குடுத்துக் குடுத்து கை ஓஞ்சிட்டு, சனம் கேக்கிறல்ல. (மிட்வைஃப், நிந்தவூர்)

அக்கா, அந்த நோட்டீஸ்ல என்ன இருக்கு? பெரிய நுளம்பு, சிவப்பு எழுத்து, "உயிராபத்து". கிம் விட்டே எண்ட ஆராய்ச்சியாளர் 1992ல எழுதினது இதுதான்: பயம் மட்டும் காட்டி, என்னால இதச் செய்ய ஏலும் எண்ட நம்பிக்கைய குடுக்காட்டி, ஆள் நோயத் தடுக்க மாட்டார், பயத்தத்தான் தடுப்பார், அதாவது நோட்டீஸ மடிச்சு வெச்சிருவார். அதுக்குப் பதிலா "வெள்ளிக்கிழம காலம சிரட்டை, தயிர்ச்சட்டி, பூச்சாடித் தட்டு கவுத்துங்க" எண்டு சொல்லிப் பாருங்க. முட்டை நுளம்பாக ஒரு கிழம, பத்து நாள் எடுக்கும், அதனால கிழமைக்கு ஒருக்கா போதும். செய்யிற வேல சின்னதா இருக்கோணும்.

கொரோனா நேரம் சனம் நம்பல்ல எண்டு எங்கட முஸ்லிம் ஆக்களத்தான் குத்தம் சொன்னாங்க. (ஓட்டமாவடி)

நானா, 2020ல கொரோனாவில மௌத்தானவங்கட உடல எரிக்கத்தான் வேணும் எண்டு சட்டம் போட்டாங்க, அடக்கலாம் எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லியும். 2021 பெப்ரவரிலதான் அது மாறினது, மறுகா உங்கட ஊர்லதானே அடக்கினாங்க. அதுக்குப் பிறகு அதே ஆக்கள் மைக்கில வந்து சொல்றத யார் உடனே நம்புவாங்க? சொல்ற ஆள் முந்தி என்ன செய்தார் எண்டும் செய்தியோட சேந்துதான் வரும்.

பிஎச்டிக்கு எங்க போற, காசு? (இறுதியாண்டு, வந்தாறுமூலை)

கைக்காசில போகாதீங்க. அமெரிக்காவில கொமியூனிகேஷன் டிபார்ட்மென்ட்கள் கனக்க உதவி ஆசிரியர் வேல தந்து படிப்புக்காசத் தள்ளி மாசாமாசம் செலவுக்கும் தரும், நாலஞ்சு வருஷம் போகும். இங்கிலாந்துக்கு கொமன்வெல்த் ஸ்கொலர்ஷிப் இருக்கு, இலங்கை ஆக்களுக்கு அதில எது கிடைக்கும் எண்டு முதல்ல பாருங்க. இஞ்ச தகுதிகாண் விரிவுரையாளரா வரோணும் எண்டா டிகிரியில கிளாஸ் (ஃபர்ஸ்ட், செகண்ட் எண்டு சொல்ற தரம்) எடுக்கோணும், அதனால இப்பவே ஸ்டாட்டிஸ்டிக்ஸுக்கு பயப்படாம இருங்க. கட்டுரை திரும்பி வரும், என்ட முதல் கட்டுரை மூண்டு இடத்தில திரும்பிச்சு.

கேள்விக்கொத்த இங்கிலீஷ்ல இருந்து தமிழுக்கு மாத்தினா போதுமா? (அக்கரைப்பற்று)

போதாது. மாத்தினத வேற ஒராளக் கொண்டு திரும்ப இங்கிலீஷுக்கு மாத்தி ஒத்துப் பாக்கோணும், எதிக்ஸ் கொமிட்டி அனுமதியும் வேணும். அதெல்லாம் செய்துதான் நான் வாகரைப் பக்கம் போனன். "ஓரளவு உடன்படுகிறேன்", "உடன்படுகிறேன்" எண்டு அஞ்சு பெட்டி. ஒரு ஆச்சி முழுக்கக் கேட்டுட்டு, "புள்ள, எதச் சொன்னா உனக்கு மார்க்ஸ் கூட?" எண்டா. அண்டைக்கு பேப்பர மடிச்சுட்டு சும்மா கதைச்சன், ரெண்டு மணித்தியாலம், தேத்தண்ணியும் தந்தா. அடுத்த முறை பெட்டிக்குப் பதிலா சிரிக்கிற முகம், அழுற முகம் கீறிக்கொண்டு போனன், அது கொஞ்சம் பரவாயில்ல.