வருமானம் உயர்ந்தும் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. வீட்டுச் செலவைக் குறைத்துச் சேமிக்க நடைமுறையில் என்ன செய்யலாம்?

குடும்பத்தில் இருவர் சம்பாதித்தும், ஆண்டுதோறும் ஊதியம் ஓரளவு உயர்ந்தும், மாதத்தின் மூன்றாவது வாரத்துக்குள் கணக்கில் இருப்பு கரைந்துவிடுகிறது என்றும், ஆடம்பரமாக எதையும் வாங்கியதாக நினைவில்லை என்றும் கேள்வி கேட்டவர் குறிப்பிட்டிருக்கிறார். இந்த நிலையில் இருப்பவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை, வெளியில் தேநீர் குடிப்பதை நிறுத்துங்கள், விளக்கை அணையுங்கள் என்பதுதான். அவற்றில் தவறில்லை என்றாலும், அவற்றால் மட்டும் ஒரு குடும்பத்தின் நிதிநிலை மாறி நான் பார்த்ததில்லை.

வீட்டுச் செலவுகளில் இரண்டு வகை உண்டு. வாடகை, கடன் தவணை, வாகனம், காப்பீடு, இணைய இணைப்பு, கல்விக் கட்டணம் போன்றவை ஒருமுறை முடிவெடுத்தபின் மாதாமாதம் தாமாகவே பணத்தை எடுத்துக்கொண்டு போகின்றன. காய்கறி, போக்குவரத்து, சிறுதீனி, இணையத்தில் வாங்கும் பொருள்கள் போன்றவை நாள்தோறும் நாம் முடிவெடுக்க வேண்டியவை. பெரும்பாலோர் இரண்டாவது வகையில் மட்டுமே சிக்கனத்தைத் தொடங்குகிறார்கள். நாள்தோறும் மனத்தோடு மல்லுக்கட்டிச் செய்யும் சிக்கனம் இரண்டு மூன்று மாதங்களில் சலித்துப்போய்விடும். முதல் வகையில் ஒருமுறை செய்யும் மாற்றமோ, அதை நாம் மறந்துவிட்ட பிறகும் மாதந்தோறும் பலன் தந்துகொண்டே இருக்கும். ஆகவே என் பதில் முழுவதும் முதல் வகையின் பக்கமே சாய்ந்திருக்கும்.

முதல் வேலையாக, புதிய நோட்டுப் புத்தகம் வாங்கி நாளை முதல் செலவெழுதத் தொடங்குவதற்கு முன், கடந்த 12 மாதங்களின் வங்கிக் கணக்கு அறிக்கையையும் கடன் அட்டை அறிக்கையையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செலவை எழுதுகிறோம் என்ற நினைப்பே அந்த மாதத்துச் செலவை மாற்றிவிடும். முடிந்துபோன ஆண்டின் கணக்கில் அப்படிப் பூச்சு வேலை எதுவும் இருக்காது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே, மாதந்தோறும் வருவதற்கு 'மா', ஆண்டுக்கு ஓரிரு முறை வருவதற்கு 'ஆ', மற்றவற்றுக்கு 'நா' என்று பென்சிலால் குறியுங்கள். இயந்திரத்திலிருந்து ரொக்கமாக எடுத்த தொகைகளுக்குக் கேள்விக்குறி போட்டுவிடலாம். அவை எங்கே போயின என்று இப்போது கண்டுபிடிக்க முயல்வது வீண் வேலை. இரண்டு மாலைப்பொழுதுகளில் முடிந்துவிடும் இந்த வேலையைக் கணவனும் மனைவியும் சேர்ந்து செய்வது நல்லது, ஆனால் அந்த இரண்டு மாலைகளிலும் யாரும் யாரையும் விசாரிக்கக் கூடாது என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது அதைவிட நல்லது. இப்படிக் குறித்து முடிக்கும்போது, யாரும் பார்க்காத சந்தாக்கள், முன்பு எப்போதோ இருந்த தேவைக்காக எடுத்த பெரிய இணையத் திட்டம், குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்காக வங்கி பிடித்த அபராதம் போன்றவை அனேகமாக எல்லா வீடுகளிலும் வெளிப்படும். அவற்றை அன்றே நிறுத்திவிடலாம்.

உண்மையான விடை பெரும்பாலும் 'ஆ' என்று குறித்த வரிகளில்தான் இருக்கும். காப்பீட்டுப் பிரீமியம், பள்ளி அல்லது கல்லூரிக் கட்டணம், வாகனப் பராமரிப்பு, சொத்து வரி, வீட்டு விசேஷங்களுக்கான செலவு, உறவினர் வீட்டு நிகழ்ச்சிகளுக்குச் செய்ய வேண்டியவை, பழுதாகும் சாதனங்கள் ஆகிய எதுவும் ஆடம்பரம் அல்ல. எதுவும் எதிர்பாராததும் அல்ல. ஆனாலும் ஒவ்வொன்றும் வரும் மாதத்தில் அது திடீர்ச் செலவு போலவே தோன்றுகிறது, கடன் அட்டையில் ஏறுகிறது, அடுத்த இரண்டு மூன்று மாதங்களின் ஊதியத்தைத் தின்றுவிடுகிறது, அது தீர்வதற்குள் இன்னொன்று வந்து நிற்கிறது. ஆடம்பரமும் செய்யவில்லை, பணமும் இல்லை என்ற நிலைக்கு நான் அறிந்தவரை இதுவே முதற்காரணம்.

இதற்குத் தீர்வு எளியது. 'ஆ' வரிகள் அனைத்தையும் கூட்டி 12 ஆல் வகுத்து, அந்தத் தொகையை ஊதியம் வந்த மறுநாளே தனியொரு சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். அந்தக் கணக்குக்கு ஏடிஎம் அட்டை வாங்காமல் இருப்பதும், கைப்பேசியின் பணம் செலுத்தும் செயலியோடு அதை இணைக்காமல் இருப்பதும் உத்தமம். முதலாண்டில் மட்டும் ஒரு சிக்கல் இருக்கிறது. மூன்று மாதத்தில் கட்ட வேண்டிய கட்டணத்துக்கு 12 மாதங்கள் சேர்க்க நேரமில்லை. அதை 3 ஆல்தான் வகுக்க வேண்டும். எனவே தொடக்கத்தில் மாதப் பங்கு கூடுதலாகவே இருக்கும். அது கட்டுப்படியாகவில்லை என்றால், அடுத்து வரவிருக்கும் இரண்டு பெரிய கட்டணங்களை மட்டும் இந்தக் கணக்குக்குள் கொண்டுவந்து, மற்றவற்றைப் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். செலவுக்குப் பின் கணக்கெழுதுவதைவிடச் செலவுக்கு முன் ஒதுக்குவதே முக்கியம் என்பது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. ஜப்பானில் பத்திரிகையாளர் ஹானி மோட்டோகோ 1904ஆம் ஆண்டிலேயே இல்லத்தரசிகளுக்கான கணக்கேட்டை வெளியிட்டு வரவு செலவைத் திட்டமிடும் பழக்கத்தைப் பரப்பினார்.

அடுத்தது கடன். கையில் ஒரு பக்கம் 6 அல்லது 7 சதவீத வட்டியில் வைப்புத்தொகையும், இன்னொரு பக்கம் மாதத்துக்கு 3 சதவீத வட்டி கேட்கும் கடன் அட்டை நிலுவையும் வைத்திருப்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். மாதம் 3 சதவீதம் என்பது வட்டிக்கு வட்டி சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 42.6 சதவீதம் ஆகிறது. அறிக்கையில் கண்ணில் படும்படி அச்சிட்டிருக்கும் 'குறைந்தபட்சத் தொகை'யை மட்டும் கட்டிவந்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்: நிலுவையில் 5 சதவீதம் கட்டினால், எஞ்சியதன் மீது 3 சதவீதம் வட்டி ஏறுவதால், மாதத்தில் உண்மையாகக் குறைவது சுமார் 2 சதவீதம்தான், புதிதாக ஒன்றும் வாங்காமல் இருந்தால்கூட நிலுவை பாதியாவதற்கு ஏறத்தாழ 32 மாதங்கள் பிடிக்கும். மேலும் நிலுவை இருக்கும் வரை புதிய கொள்முதல்களுக்கு வட்டியில்லாக் காலம் பொதுவாகக் கிடைப்பதில்லை. அவசரத் தேவைக்கென்று சிறு தொகையை வைத்துக்கொண்டு, மிச்ச வைப்புத்தொகையைக் கொண்டு இந்தக் கடனை அடைப்பதைவிட நல்ல முதலீடு ஒரு குடும்பத்துக்குக் கிடைக்காது.

தனிநபர்க் கடனிலும் பொருள் வாங்கும் கடனிலும் விற்பவர் சொல்லும் வட்டி, முதலில் வாங்கிய முழுத்தொகைக்குக் கணக்கிடப்படுகிறதா, குறைந்துவரும் நிலுவைக்குக் கணக்கிடப்படுகிறதா என்று கேட்காமல் கையெழுத்திடக் கூடாது. முழுத்தொகைக்கு 10 சதவீதம் என்று மூன்றாண்டுக்கு வாங்கும் கடன், குறைந்துவரும் நிலுவைக் கணக்கில் ஏறத்தாழ 18 சதவீதத்துக்குச் சமம். வட்டியில்லாத் தவணை என்பதிலும், உடனே பணம் கொடுத்தால் கிடைத்திருக்கும் தள்ளுபடியும் செயலாக்கக் கட்டணமும் வட்டியின் இடத்தில் உட்கார்ந்திருக்கக்கூடும்.

வீட்டுக் கடன் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு வாங்கிய கடனில், வாங்கிய ஒவ்வொரு 100க்கும் மொத்தத்தில் 216 திருப்பிக் கட்டுகிறோம். ஆண்டுக்கு 12 தவணைக்குப் பதிலாக 13 தவணைக்கு ஈடான தொகையைத் தொடக்கம் முதலே கட்டிவந்தால் அதே கடன் சுமார் மூன்றரை ஆண்டு முன்னதாகவே முடிந்துவிடும். கூடுதலாகக் கட்டும்போது, தவணைத் தொகையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கும்படி எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். முன்கூட்டிக் கட்டுவதற்குக் கட்டணம் உண்டா என்பதையும் ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாகனத்தைப் பற்றி ஒரு சொல். அதன் மாதச் செலவு என்றால் எரிபொருளை மட்டுமே பலர் நினைக்கிறார்கள். தவணையில் அடங்கிய வட்டி, காப்பீடு, பராமரிப்பு, நிறுத்துமிடக் கட்டணம், ஆண்டுதோறும் குறையும் மறுவிற்பனை மதிப்பு ஆகிய ஐந்தையும் சேர்த்து, அதை ஓட்டிய தூரத்தால் வகுத்துப் பாருங்கள். இரண்டாவது வாகனம் வைத்திருக்கும் வீடுகளில் இந்த ஒரு வகுத்தல் கணக்கு பல விவாதங்களை முடித்துவைத்திருக்கிறது.

சமையலறையில் சேமிப்பு வாங்குவதைக் குறைப்பதில் அவ்வளவாக இல்லை, எறிவதைக் குறைப்பதில்தான் இருக்கிறது. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது. அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டி, உள்ளே இருப்பதில் எது முதலில் கெடும் என்ற வரிசையில் எழுதிவைப்பது எங்கள் வீட்டில் நிலைத்துவிட்ட பழக்கம். கடைக்குக் கிளம்பும்போது அந்தத் தாளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போனால், இருப்பதையே மறுபடி வாங்கும் வழக்கம் தானாக நின்றுவிடும். பெரிய பொட்டலம் மலிவு என்பதும் எப்போதும் உண்மையல்ல. எடைக்கு என்ன விலை என்று பாருங்கள், அதோடு கெடாத பொருளா, வீட்டில் அளவாகப் பயன்படும் பொருளா என்றும் பாருங்கள். நிறைய இருந்தால் நிறையத் தீரும் பொருள்களைப் பெரிதாக வாங்குவதில் மிச்சம் எதுவும் இல்லை.

மின்சாரத்தில் வெப்பமாக்கும் சாதனங்களும் குளிரூட்டும் சாதனங்களும்தான் கணக்கில் கொள்ள வேண்டியவை. ஒரு கைப்பேசிக்கு ஓர் ஆண்டு முழுவதும் மின்னேற்றம் செய்ய ஆகும் மின்சாரம் ஏழெட்டு யூனிட். 2 கிலோவாட் வாட்டர் ஹீட்டர் நான்கே மணி நேரம் சூடேற்றினால் அதே 8 யூனிட் தீர்ந்துவிடும். சார்ஜரைப் பிடுங்கவில்லை என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்பவர்கள் ஹீட்டரை நாள் முழுவதும் போட்டுவைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். நாளொன்றுக்கு 5 மணி நேரம் எரியும் 60 வாட் குண்டு பல்பு எங்காவது மிச்சமிருந்தால், அதை 9 வாட் எல்இடி விளக்காக மாற்றினாலே ஆண்டுக்கு 90 யூனிட்டுக்கு மேல் மிஞ்சும்.

இணையத்தில் வாங்குவதற்கு ஒரே விதி போதும்: செயலிகளில் சேமித்துவைத்த அட்டை விவரங்களை நீக்கிவிட்டு, பட்டியலில் போட்ட பொருளை இரண்டு நாள் கழித்து வாங்குங்கள். இலவச விநியோகத்துக்காக வேண்டாத பொருளைச் சேர்ப்பதும் இதனால் குறையும். அதே வேளையில், பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் கணக்குக் கேட்கப்படாத ஒரு சிறு தொகையை மாதந்தோறும் ஒதுக்கிவிடுங்கள். எதற்கெடுத்தாலும் காரணம் சொல்ல வேண்டிய வீட்டில் ஒளித்துச் செலவழிப்பது தொடங்கிவிடும்.

குறைக்கக் கூடாதவையும் உண்டு. மருத்துவக் காப்பீடு, குடும்பம் யாருடைய வருமானத்தை நம்பியிருக்கிறதோ அவருக்கான ஆயுள் காப்பீடு, பல் வலிக்கும் முன்பே செய்யும் பல் பரிசோதனை, கூரை ஒழுக்கு, வாகனத்தின் பிரேக் ஆகியவற்றில் மிச்சம் பிடிப்பது செலவைத் தள்ளிப்போடுவதே தவிரக் குறைப்பதல்ல. காப்பீட்டையும் சேமிப்பையும் ஒன்றாகக் கலந்து விற்கும் திட்டங்களில் அதே பிரீமியத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்புத் தொகை மிகக் குறைவாக இருக்கும் என்பதால், இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொள்வதே என் விருப்பம்.

சேமிப்பைப் பொறுத்தவரை, மிஞ்சியதைச் சேமிப்பது என்ற திட்டம் வேலை செய்யாது, ஏனென்றால் ஒன்றும் மிஞ்சாது. ஊதிய நாளுக்கு மறுநாள் தானாகப் பணம் மாறும்படி வங்கியில் நிலையான உத்தரவு கொடுத்துவிடுங்கள். முதல் மாதமே வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்று தொடங்கி, மூன்றாம் மாதம் அதை உடைப்பதைவிட, 5 சதவீதத்தில் தொடங்கி நிலைக்கவிடுவது மேல். முதல் இலக்கு, மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கு ஈடான அவசர நிதி. அளவை வருமானத்தைக் கொண்டு முடிவு செய்யாமல் செலவைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும். அதை உடனே எடுக்கக்கூடிய கணக்கிலோ குறுகிய கால வைப்பிலோ வைக்கலாம். அதற்கு மேற்பட்டு நீண்ட காலத்துக்கு ஒதுக்குவதை அப்படியே முடக்கிவைப்பது நட்டம். 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாகும் ஆண்டுகள் ஏறத்தாழக் கிடைக்கும், 8 சதவீதத்துக்கு 9 ஆண்டு. அதே கணக்கின்படி விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், வட்டியில்லாமல் கிடக்கும் பணத்தின் வாங்கும் திறன் 12 ஆண்டில் பாதியாகிவிடும்.

ஊதிய உயர்வு வந்தும் பணம் மிஞ்சவில்லை என்ற பகுதிக்கு, பொருளியலறிஞர்கள் ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் வகுத்த ஒரு திட்டம் நேரடியான விடை. இன்றைய ஊதியத்தில் கைவைக்காமல், இனி வரப்போகும் ஒவ்வொரு உயர்விலும் ஒரு பகுதி சேமிப்புக்குப் போகும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ளச் செய்தார்கள். 2004இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், அதில் சேர்ந்த ஊழியர்களின் சேமிப்பு விகிதம் 40 மாதங்களில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமாக உயர்ந்தது. வீட்டிலும் இதைச் செய்ய முடியும். உயர்வு அறிவிக்கப்பட்டதும், புதிய ஊதியம் முதன்முறை கணக்குக்கு வருவதற்கு முன்பே, வங்கியில் கொடுத்த உத்தரவின் தொகையை உயர்வில் பாதி அளவுக்குக் கூட்டிவிடுங்கள். அட்டைக் கடனோ தனிநபர்க் கடனோ மிச்சமிருந்தால், அது தீரும் வரை அந்தப் பாதி கடனுக்கே போகட்டும். தீர்ந்த மாதத்திலேயே, நின்றுபோன தவணைத் தொகையையும் சேர்த்துச் சேமிப்புக்கு மாற்றிவிடுங்கள்.