செங்குதிரையின் கறுப்புப் பிடரி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நாங்கள் அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் வசிக்கிறோம். பதினான்கு வயதாகும் என் மகள் பிரேயர் என்ற நிறுவனத்தின் பிளாஸ்டிக் குதிரை பொம்மைகளை வாங்கி, காலை வெட்டி வளைத்து, பழைய பிடரியைச் சீவி எறிந்துவிட்டு வேறு பிடரி வைத்து, புதிதாக வண்ணம் பூசுகிறாள். அண்மையில் நடந்த குதிரை பொம்மைப் போட்டியில் செந்நிற உடலும் கறுப்புப் பிடரியும் உள்ள ஒரு குதிரையை வைத்தாள். வேலைப்பாட்டைப் பாராட்டிய நடுவர், குதிரைகளில் இப்படியொரு நிறமே கிடையாது என்று சொல்லி இடம் தரவில்லை. பொம்மைக்கு எந்த நிறம் பூசினால்தான் என்ன? நல்ல பொம்மையை வெட்டுவதையும் என்னால் பார்க்க முடியவில்லை. இந்தப் பணத்துக்கு உண்மையான குதிரையில் சவாரி பழகலாமே என்கிறேன். இரண்டும் ஒன்றுதான் என்கிறாள் அவள். தாங்களும் இந்த வேலையில் ஈடுபட்டிருப்பவர் என்பதால் கேட்கிறேன்.

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

அன்புள்ள சகோதரிக்கு,

இவ்விஷயத்தில் நான் நடுவரின் பக்கம். போட்டி மேசையில் வைக்கப்படும் மாதிரிக் குதிரையிடம் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: இதைப் படம் பிடித்துக் காட்டினால் உயிருள்ள குதிரை என்று ஒருவர் நம்புவாரா? செஸ்ட்நட் எனப்படும் செங்குதிரையின் மயிரில் கறுப்பு நிறமி உருவாவதே இல்லை. அதன் பிடரி உடலைப் போலவே சிவந்திருக்கும், அல்லது வெளிறிய பொன்னிறமாக இருக்கும். மிஞ்சிப்போனால் ஈரல் நிறத்துக்கு அடர்ந்திருக்கும். சிவந்த உடலோடு பிடரியும் வாலும் கறுத்திருந்தால் அந்த நிறக் குதிரையை ஆங்கிலத்தில் 'பே' என்பார்கள். அப்படியானால் கால்களின் கீழ்ப்பகுதியும் காதுகளின் ஓரமும் சேர்ந்து கறுத்திருக்க வேண்டும். தங்கள் மகள் முழங்காலுக்குக் கீழே கறுப்புப் பூசி, காதோரத்தில் ஒரு கோடு இழுத்திருந்தால் அதே குதிரை மேசையில் நிமிர்ந்து நின்றிருக்கும். பொன்னிற உடலும் வெளிறிய பிடரியும் கொண்ட பாலமினோ வேண்டுமென்றால் செங்குதிரையின் மேல் நிறம் வெளுக்கச் செய்யும் மரபணு ஒரு பிரதி ஏற வேண்டும். இரண்டு பிரதி ஏறினால் வெளிறிய தந்த நிற உடலும் நீலக் கண்ணுமாக அது கிரெமெல்லோ ஆகிவிடும். புள்ளிகளுக்குப் பெயர்போன அப்பலூசா இனக் குதிரைக்குக் குளம்பில் நெடுக்குக் கோடுகளும் மூக்கைச் சுற்றித் திட்டுத்திட்டான தோலும் இருப்பது வழக்கம். பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி மரபியல் பாடத்தைத் தானாகவே தேடிப் படிக்க இதைவிட நல்ல தூண்டுதல் எனக்குத் தெரியவில்லை.

நிறத்தைக் காட்டிலும் கடினமானது நடை. துள்ளோட்டத்தில் மூலைவிட்டமாக அமைந்த இரு கால்கள் ஒன்றாக எழுந்து ஒன்றாக விழும். கேன்டர் எனப்படும் மிதமான பாய்ச்சலில் மூன்று அடிச் சத்தம் கேட்கும். முழுப் பாய்ச்சலில் நான்கு. காலை வெட்டி வளைக்கும்போது இந்தக் கணக்குத் தவறினால் பூச்சு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பயனில்லை. பெரிய ஓவியர்களே இதில் தடுமாறியிருக்கிறார்கள் என்பதை மகளிடம் சொல்லுங்கள். லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள, 1821ஆம் ஆண்டின் எப்சம் குதிரைப் பந்தயத்தைக் காட்டும், பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோவின் ஓவியத்தில் குதிரைகள் முன்னங்கால்களை முன்னுக்கும் பின்னங்கால்களைப் பின்னுக்கும் நீட்டியபடி காற்றில் மிதக்கின்றன. 1878 ஜூனில் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் வரிசையாகக் கேமராக்களை நிறுத்தி ஓடும் குதிரையைப் படமெடுத்த பிறகே, நான்கு கால்களும் தரையை விட்டு எழும் கணத்தில் அவை வயிற்றுக்கு அடியில் மடங்கியிருக்கின்றன என்பது ஐயமின்றித் தெரிந்தது. அவ்வளவு பெரிய ஓவியர் பிழைவிட்ட இடத்தில் இன்று ஒரு சிறுமி பிழைவிட்டால் பரிசு போய்விடுகிறது, கொஞ்சம் கடுமைதான்.

பொம்மையை வெட்டுவது பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். சிகாகோவில் இருந்த பிரேயர் நிறுவனம் 1950இல் ஒரு கடிகாரத்துக்குத் துணையாக வார்த்த குதிரையிலிருந்து அதன் குதிரை வரிசையே தொடங்கியது; அன்று முதல் இவை அச்சில் வார்த்துப் பெருமளவில் வெளிவருபவை. அரிதானவற்றைத் தொடக்கூடாது என்பது உண்மை. ஆனால் கீறல் விழுந்த, காது உடைந்த, சேகரிப்போர் சீந்தாத பழைய பொம்மைகள் மலிவாகக் கிடைக்கின்றன. இத்துறையினர் அவற்றைப் 'பாடி' என்றே அழைப்பார்கள். மகள் புதுப் பொம்மையை வாங்கி வெட்டுகிறாள் என்றால் அதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். இன்னொன்றிலும் தாங்கள் கண்டிப்பாக இருக்கலாம். பொம்மையின் பிளாஸ்டிக்கான செல்லுலோஸ் அசிடேட்டைத் தேய்க்கும்போது பறக்கும் தூளும், இரு பகுதிகளாக வரும் எபாக்சிக் களிமண்ணும், வண்ணத்தூளை நிலைநிறுத்த அடிக்கும் ஸ்ப்ரேயும் நுரையீரலுக்கும் தோலுக்கும் ஆகாதவை. சன்னலைத் திறந்து வைக்காமலும், உரிய முகக்கவசமும் கையுறையும் அணியாமலும் அவள் வேலை செய்ய அனுமதிக்காதீர்கள்.

இரண்டும் ஒன்றுதான் என்ற அவளுடைய பேச்சை நான் ஒப்புக்கொள்ளவில்லை. பிரேயரின் பெரிய வரிசை ஒன்பதில் ஒரு பங்கு அளவுடையது; மேசையில் அதைச் சுற்றிச்சுற்றிப் பார்க்கலாம், அதுவோ நம்மைப் பார்ப்பதில்லை. உண்மையான குதிரைக்கு மூக்கின் நேர் முன்னேயும் வாலின் நேர் பின்னேயும் பார்வை எட்டாது என்பதால், தோளின் பக்கமாக, குரல் கொடுத்துக்கொண்டே நெருங்க வேண்டியிருக்கிறது. அந்த எச்சரிக்கையும், அதன் காது நம் பக்கம் திரும்பும்போது வரும் மகிழ்ச்சியும் பொம்மையிடம் கிடைக்காது.

ஆனால் சவாரி வகுப்பில் சேர்ப்பதுதான் மாற்று என்ற தங்கள் யோசனையும் எனக்குச் சரியாகப் படவில்லை. சேணத்தில் அமர்ந்தவருக்குத் தெரிவது பெரும்பாலும் கழுத்தும் இரு காதுகளும்தான். குதிரையின் உடலை அறிய விரும்புபவர் தரையில் நிற்க வேண்டும். ரப்பர் பற்கள் கொண்ட சீப்பால் வட்டவட்டமாகத் தேய்த்துவிடும்போது தோள் எலும்பு எங்கே முடிகிறது, விலா எங்கே தொடங்குகிறது என்பதைக் கை கற்றுக்கொள்கிறது. முன்னங்காலின் உட்புறத்தில் முழங்காலுக்கு மேலேயும், பின்னங்காலின் உட்புறத்தில் நடு மூட்டுக்குக் கீழேயும் தடித்த காய்ப்புகள் இருப்பதை விரலால் தொட்டுப் பார்த்தவர் அவற்றைப் பொம்மையில் இடம் மாற்றி வைக்கமாட்டார். முழங்கால் என்று நாம் சொல்லும் மூட்டு உண்மையில் நம் மணிக்கட்டுக்கு நிகரானது என்பதும் அருகில் நின்றால் விளங்கும். ஓஹையோவின் பனிக்காலத்தில் மயிர் அடர்ந்து புசுபுசுவென்று நிற்கும் குதிரையையும் கோடையில் அதே குதிரை மின்னுவதையும் பார்த்தவள் வண்ணத்தை வேறு விதமாகப் பூசுவாள். பின்னங்கால் ஒன்றைத் தளர்த்திக் குளம்பின் நுனியை மட்டும் ஊன்றி ஓய்வெடுக்கும் நிலையை நான் பொம்மையில் கொண்டுவர முயன்றபோதுதான், இடுப்பு ஒரு பக்கமாகச் சரிவதை லாயத்தில் கவனிக்கத் தொடங்கினேன்.

இதற்கு அதிகப் பணம் தேவையில்லை. 4-ஹெச் இளைஞர் அமைப்பில், சொந்தக் குதிரை இல்லாத பிள்ளைகளுக்கென்றே பல மாநிலங்களில் ஒரு திட்டம் நடக்கிறது; தங்கள் மாவட்டத்தில் விசாரியுங்கள். பக்கத்து மாநிலமான கென்டக்கியின் லெக்சிங்டனில் 1978 முதல் குதிரைப் பூங்கா ஒன்று உள்ளது. பிரேயர் ரசிகர்களின் ஜூலை விழா 1990இல் தொடங்கிய காலம் முதல் பெரும்பாலும் அங்கேதான் நடந்துவருகிறது. விற்பனைக் கூடத்தில் மட்டும் அவளை நிற்கவிடாமல் லாயங்களின் பக்கமும் அழைத்துச் செல்லுங்கள்.

எனக்கு ஒரு அச்சம் மட்டும் உண்டு. போட்டியில் ஊறியவர்களுக்கு எந்தக் குதிரையைக் கண்டாலும் குறை எண்ணும் பழக்கம் வந்துவிடுகிறது. கழுத்து குட்டை, கால் நேரில்லை என்று அடுக்குவார்கள். முதுகு தாழ்ந்த கிழக் குதிரை ஒன்று சிறு பிள்ளைகளைச் சுமந்துகொண்டு பொறுமையாக நடக்கும்; அதைப் பொம்மையாக்கி இனப் பிரிவில் வைத்தால் பின்வரிசைதான். அத்தகைய குதிரையோடு அவள் நன்றாகப் பழகட்டும். அதற்குப் பிறகு எத்தனை போட்டி வேண்டுமானாலும் போகலாம்.

அடுத்த முறை புதியவர்களுக்கான பிரிவு இருந்தால் அதில் சேரச் சொல்லுங்கள். தகுதிப் போட்டிகளில் முதல் இரண்டு இடங்களுக்குள் வந்தால் தேசியப் போட்டியில் அந்தப் பொம்மையை வைப்பதற்கான தகுதி அட்டை கிடைக்கும், அதற்கு அவசரமில்லை. வழியில் முதலில் உடைவது காது நுனியும் வளைத்து ஒட்டிய காலும்தான் என்பதால், அவ்விரண்டையும் மென்மையான துணியால் தனியாகச் சுற்றிய பிறகே பொம்மையைப் பெட்டியில் வைக்க வேண்டும்.