பூனைக்கு முடி கொட்டவில்லை, தம்பி

கேள்வி: ஐயா, வணக்கம். பர்மாவில் பெகு பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஆறு ஏக்கரில் மழைக்கால நெல், அறுப்பு முடிந்ததும் அதே நிலத்தில் உளுந்து. விதைநெல்லும் மீதி உளுந்தும் வீட்டுக்குக் கீழே மூட்டையாகக் கிடக்கும். எலிக்காக வளர்க்கிற பெண் பூனை ஒன்று உண்டு, நாலு வயது. மூன்று வாரமாக வயிற்றையும் பின்தொடையின் உள்பக்கத்தையும் ஓயாமல் நக்குகிறது. அங்கெல்லாம் முடி கொட்டி வெறும் தோல் தெரிகிறது. புண் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறது. பிரித்துப் பிரித்துப் பார்த்தேன், தெள்ளுப்பூச்சி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஙாப்பி, அதாவது உப்பிட்டுப் புளிக்கவைத்த மீன் விழுது, கலந்த சோறு போடுவதால்தான் என்கிறாள் என் மனைவி. மனக்கவலை என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மருந்துக்கடையில் மாட்டு உண்ணி மருந்தை ஒரு சின்னக் குப்பியில் ஊற்றிக் கொடுத்து, தண்ணீர் கலந்து முதுகில் தேய்க்கச் சொன்னார்கள். இன்னும் தேய்க்கவில்லை. முடி வளர எந்த எண்ணெய் தடவலாம்? பூனை என் மகளோடுதான் தூங்கும். அவளுக்கு வேறு கணுக்காலெல்லாம் கொசுக்கடி. வீட்டில் நாய் ஒன்று, ஆடு மூன்று.

பதில்: தம்பி, முதலில் அந்தக் குப்பி. தேய்க்காதீர்கள். தண்ணீர் எவ்வளவு கலந்தாலும் வேண்டாம். மற்றதை அப்புறம் பேசலாம்.

மாட்டு உண்ணிக்குக் கடையில் கொடுப்பது பெரும்பாலும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் வகை. நாய்க்கு முதுகில் விடும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் இருக்கும் பெர்மெத்ரினும் அதே குடும்பம்தான். மாட்டின் ஈரலும் நாயின் ஈரலும் இந்த மருந்தைச் சிதைத்து வெளியே தள்ளிவிடும். பூனையின் ஈரலுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. தோல் வழியாகக் கொஞ்சம் உள்ளே போகும், நக்குவதால் மீதியும் போகும். உங்கள் பூனையோ நாள் முழுக்க நக்குகிற பூனை. சில மணி நேரத்தில் எச்சில் வழியும், காதும் முகமும் துடிக்கும், அப்புறம் உடம்பு முழுக்க நடுங்கி வலிப்பு வரும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மாடுகளோடு வேலை பார்க்கத் தொடங்கிய புதிதில், என் அம்மாவின் சாம்பல் நிறப் பூனைக்கு ஒரு கடையில் கொடுத்த மருந்தை என் கையாலேயே தேய்த்தேன். கன்றுக்குட்டிக்குக் கொடுப்பதில் பாதி போதும் என்றார் கடைக்காரர், நானும் நம்பினேன். பொழுது சாயும் நேரத்தில் தேய்த்தேன். ராத்திரி காது துடிக்க ஆரம்பித்தது. விடிவதற்குள் செத்துப்போனது. என்ன ஆயிற்று என்று அம்மா கேட்டபோது சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றிலிருந்து யார் பூனையைப் பற்றிக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது ஏற்கெனவே தேய்த்திருந்தால், வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டு உடனே குளிப்பாட்டுங்கள். சூடான தண்ணீர் வேண்டாம், மருந்து இன்னும் வேகமாக உள்ளே இறங்கும். துடைத்து, துணியில் சுற்றிக் கதகதப்பாக வைத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள். பாலோ எண்ணெயோ புகட்டாதீர்கள். நேரத்தில் போனால் பெரும்பாலும் பிழைக்கும்.

சரி, இப்போது உங்கள் கேள்வி. எந்த எண்ணெய்? எதுவும் வேண்டாம். முடி கொட்டினால்தானே எண்ணெய்? உங்கள் பூனைக்கு முடி கொட்டவில்லை, அது நக்கியே அறுக்கிறது. பூனை நாக்கில் உள்நோக்கி வளைந்த சின்ன முட்கள் இருக்கின்றன, சீப்பும் அரமும் சேர்ந்த மாதிரி. மொட்டையான இடத்தில் விரலை எதிர்ப்புறமாகத் தடவுங்கள். மூன்று நாள் தாடி மாதிரி குத்தினால் முடி வேரோடு இருக்கிறது, நுனிதான் அறுந்திருக்கிறது. ஓரத்து முடியை லேசாக இழுங்கள், கையோடு வராது. சும்மா இழுத்ததும் கொத்தாக வந்தால் அது வேறு நோய், மறுபடி எழுதுங்கள். எண்ணெய் தடவினால் அதையும் நக்கித்தான் தீர்க்கும். வேப்பெண்ணெய், கற்பூரம் கலந்த எண்ணெய் இரண்டும் பூனைக்கு விஷம். மஞ்சளை அரைத்துப் பூசினாலும் கொஞ்ச நேரத்தில் வயிற்றுக்குள் இருக்கும்.

ஆக, ஏன் நக்குகிறது என்பதுதான் கேள்வி. அதற்கான பதிலை உங்கள் கடிதத்திலேயே எழுதிவிட்டு, கொசுக்கடி என்று பேர் வைத்திருக்கிறீர்கள். கொசு கையிலும் கழுத்திலும் முகத்திலும்கூடக் கடிக்கும். கணுக்காலில் மட்டும் இரண்டு மூன்றாகச் சேர்ந்து சிவந்த தடிப்பு வந்தால், முதலில் தெள்ளுப்பூச்சியைத்தான் சந்தேகிக்க வேண்டும். அது தரையிலிருந்து தாவுகிற பூச்சி.

பூனை மேல் ஒன்றுகூட இல்லையே என்கிறீர்கள். இருக்காது. அது நாள் முழுக்க நக்கி, பிடித்து, விழுங்கிவிடுகிறது. தெள்ளின் எச்சிலுக்கு ஒவ்வாமை வந்துவிட்ட பூனைக்கு ஒன்றிரண்டு கடியே நாள்கணக்கில் அரிப்புக் கொடுக்கும். அதனால் பூச்சியைத் தேடாதீர்கள், அதன் கழிவைத் தேடுங்கள். நெருக்கமான பல் உள்ள பேன் சீப்பால் வால் அடியிலும் கழுத்திலும் வாருங்கள். சீப்பில் வரும் கறுப்புத் தூளை நனைத்த வெள்ளைத் துணியில் தட்டிப் பாருங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால் அது ரத்தம், தெள்ளின் கழிவு. மண் என்றால் மண்ணாகவே கிடக்கும். வாலைத் தூக்கியும் பாருங்கள். காய்ந்த அரிசி மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் நாடாப்புழுவின் துண்டு. தெள்ளை விழுங்கினால் வரும் புழு அது.

இனி நீங்கள் கேட்டிருக்க வேண்டியது: தெள்ளு எங்கே இருக்கிறது?

உங்கள் ஊரில் வீடுகள் கால் மேல் நிற்பவை. கீழே சாக்கு, வைக்கோல், நாய், ஆடு. மேலே பலகைத் தரை, பலகைக்குப் பலகை இடுக்கு, அதன் மேல் மகளின் பாய். தெள்ளுக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. பெண் தெள்ளு நாளுக்கு நாற்பது ஐம்பது முட்டை வரை இடும். முட்டை உடம்பில் ஒட்டாது, பூனை படுக்கிற இடத்தில் உதிரும். புழு இருட்டும் ஈரப்பதமும் உள்ள இடுக்கில் வளர்ந்து, தூசி ஒட்டிய கூடு கட்டிக்கொள்ளும். உங்கள் மழைக்காலத்தில் மூன்று நாலு வாரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். கூட்டுக்குள் இருப்பது மாதக்கணக்கில் காத்திருக்கும், காலடி அதிர்வும் உடம்புச் சூடும் பட்டால் வெளியே குதிக்கும். கண்ணில் படுகிற தெள்ளு நூற்றில் ஐந்து என்றால், மீதி தொண்ணூற்றைந்தும் முட்டையாக, புழுவாக, கூடாகத் தரையில் கிடக்கிறது. பூனைக்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு, கேட்கவில்லை என்று சொல்கிறவர்கள் எல்லாரும் இந்தத் தொண்ணூற்றைந்தை மறந்தவர்கள்.

அதனால் வெயில் தலைகாட்டும் நாளில் மூட்டைகளை வெளியே எடுத்துச் சாக்குகளை உதறிக் காயவையுங்கள். பூனை படுக்கும் பழைய சாக்கை எரித்துவிடுங்கள். பாய், போர்வை, துணி எல்லாவற்றையும் கொதிக்கிற தண்ணீரில் அலசுங்கள். பலகை இடுக்குகளை ஈர்க்குமாறால் கீறிப் பெருக்கி, கொதிநீர் ஊற்றுங்கள். வாரம் இரண்டு முறை, மூன்று மாதம். வேலைதான், தெரிகிறது. ஆனால் தரைக்கென்று இன்னொரு குப்பி வாங்கி அடிக்காதீர்கள். அந்தத் தரையில் நடந்துவிட்டுப் பூனை தன் பாதத்தை நக்கும்.

மருந்து வேண்டும்தான். செலமெக்டின் அல்லது ஃபிப்ரோனில், பூனைக்கென்றே செய்து, பூனைப் படமும் எடையும் அச்சிட்ட சொட்டுக் குழாயில் வருவது. பிடரியில், நாக்கு எட்டாத இடத்தில், முடியை விலக்கித் தோலில் விட வேண்டும். மாதம் ஒரு முறை, குறைந்தது மூன்று மாதம். நாய்க்கும் அதே நாளில் நாய் மருந்து, அதில் பெர்மெத்ரின் இல்லை என்று பார்த்து. பூனைத் தெள்ளு ஆட்டையும் விடாது. ஆனால் ஆட்டுக்குக் குழாய் மருந்தை விடாதீர்கள், டவுன்ஷிப் கால்நடை அலுவலகத்தில் கேட்டுச் செய்யுங்கள். பெகுவில் மருந்து கிடைக்காவிட்டால் ரங்கூன் சுமார் 80 கிலோமீட்டர்தான், போய் வருகிற யாரிடமாவது சொல்லி வாங்குங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஃபிப்ரோனில் என்ற பேரைக் கேட்டதும், நெல்லில் குருத்துப்பூச்சிக்கு அடிக்கிறோமே அதுதானா என்று தோன்றும். இமிடாகுளோப்ரிட்டும் அப்படித்தான், நெல்லில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சிக்கு அடிப்பது. ரெண்டும் ஒன்றுதான் தம்பி, விலை மட்டும்தான் வேறு என்று கடையில் சொல்வார்கள். ஒன்றல்ல. வயல் மருந்தில் வீரியம் வேறு, அது கரைந்திருக்கும் திரவம் வேறு. தோலில் படுவதற்காக அதை யாரும் செய்யவில்லை.

பெரிய டப்பாவிலிருந்து சின்னக் குப்பியில் ஊற்றிக் கொடுப்பதை நான் வியாபாரம் என்று சொல்ல மாட்டேன். சீட்டு இல்லாத குப்பியில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, சில கடைகளில் விற்கிறவருக்கும் தெரியாது. எல்லை தாண்டி வரும் டப்பாக்களில் தாய் எழுத்தும் சீன எழுத்தும் இருக்கும்போது யார் படித்துச் சொல்வது? பேரும் அளவும் படிக்க முடியாத மருந்து வீட்டுப்படி ஏறக் கூடாது. மாட்டுக்கானாலும் இதே பேச்சுத்தான். அரிப்புக்கு ஒரே ஊசி, மூன்று நாளில் சரி என்றும் ஒருவர் வருவார். அது ஸ்டீராய்டு. டாக்டர் பார்த்து, தேவைக்குப் போட்டால் மருந்து. தெள்ளை அப்படியே விட்டுவிட்டு மாதாமாதம் போட்டால் பூனைக்குச் சர்க்கரை நோய் வரலாம்.

மனக்கவலை என்றாரே பக்கத்து வீட்டுக்காரர், அது சொல்ல எளிதான காரணம். 2006-ல் வெளியான ஓர் ஆய்வில், மனக்கவலையால்தான் நக்குகிறது என்று கருதப்பட்ட 21 பூனைகளை முறையாகச் சோதித்தார்கள். 16 பூனைகளுக்கு உடம்பில்தான் கோளாறு இருந்தது. மனம் மட்டுமே காரணமாக இருந்தவை இரண்டே இரண்டு. ஙாப்பி உப்பாலும் முடி போகாது. மீன் ஒவ்வாமை சில பூனைகளுக்கு உண்டு, ஆனால் தெள்ளை ஒழித்த பிறகுதான் அதைப் பார்க்க வேண்டும். ஙாப்பிச் சோறு மட்டும் போதாது, கொஞ்சம் இறைச்சியோ மீனோ சேர்த்துக் கொடுங்கள்.

மகளைப் பற்றி ஒன்று. அவள் தோலில் வட்டமாக, ஓரம் தடித்து, செதிலோடு ஏதாவது இருந்தால் அது படர்தாமரை. பூனையிடமிருந்து பிள்ளைகளுக்கு ஒட்டும். அப்படி இருந்தால் பூனையைத் தனியே படுக்கவைத்து, இரண்டு பேரையும் அவரவர் டாக்டரிடம் காட்டுங்கள். பூனை அடிக்கடி மூத்திரத்துக்கு உட்கார்ந்து முக்கினாலும் காத்திருக்க வேண்டாம், மூத்திரப்பை வலியாலும் அடிவயிற்றை நக்கும்.

மருந்தும் தரை வேலையும் சேர்ந்து நடந்தால் நக்குவது சில வாரத்தில் குறையும், முடி மூடச் சில மாதம் ஆகும். நக்காமல் இருக்கக் கழுத்தைச் சுற்றிக் கூம்பு மாதிரி அட்டை மாட்டுவதாக இருந்தால், மருந்து போட்ட பிறகு மாட்டுங்கள். மருந்தில்லாமல் மாட்டினால் தெள்ளைப் பிடிக்கிற ஒரே நாக்கையும் கட்டிப்போட்டதாகிவிடும். ஈரத்துணிச் சோதனையில் என்ன நிறம் வந்தது என்று எழுதுங்கள். அந்தக் குப்பியைக் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்ட வேண்டாம், மீன் அத்தனையும் செத்துவிடும். மூடியை இறுக்கி, மகள் கைக்கு எட்டாமல் வைத்து, வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.