வேலிக்குள் 'டக், டக்' என்பது யார்?

கேள்வி: புரட்டாசி பிறந்ததிலிருந்து எங்கள் மருதாணி வேலிக்குள் ஒரு பழுப்புக் குருவி 'டக், டக்' என்று சத்தம் போட்டுக்கொண்டே இருக்கிறது. சிட்டுக்குருவி என்று நினைத்து அரிசி வைத்தேன், தொடவில்லை. செல்பேசியில் படம் எடுத்துத் தேடினால் ஒவ்வொரு முறையும் வேறு பெயர் வருகிறது. வெளிநாட்டிலிருந்து விருந்துக்கு வந்த பறவை, நாலு நாளில் போய்விடும் என்கிறான் என் மகன். நிறமும் இல்லை, பாட்டும் இல்லை. இதை எப்படித்தான் அடையாளம் காண்பது? வேலியை வெட்டிச் சீராக்க ஆள் வரச் சொல்லியிருக்கிறேன். வெட்டலாமா?
– ஒரு வாசகி, தாராபுரம்

பதில்: முதலில் அந்த ஆளை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அது பிளித் நாணல் கதிர்க்குருவி. கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தின் அருங்காட்சியகத்தைக் கவனித்துவந்த எட்வர்ட் பிளித் 1849-இல் இதை முதன்முதலாக விவரித்து எழுதினார். பெயரில் நாணல் இருந்தாலும் குளிர்காலத்தில் இதற்கு வேண்டியது புதர்தான். தமிழ்நாட்டுக்கு வலசை வரும் சிறு பறவைகளில் மிகச் சாதாரணமாகக் காணக்கூடிய ஒன்று. அப்படியிருந்தும் பெரும்பாலானவர்கள் இதைப் பார்த்ததே இல்லை. காரணம், நீங்கள் செய்வதைப் போலவே எல்லாரும் நிறத்தைத் தேடுகிறார்கள்.

இந்த இனத்தை நிறத்தை வைத்துப் பிடிக்க முடியாது. மேலே ஒரே சீரான பழுப்பு, கீழே மங்கிய வெள்ளை, அவ்வளவுதான். இலை நிழலில் எடுத்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு செல்பேசி திணறினால் அதைக் குறை சொல்லிப் பயனில்லை. காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். இரண்டு கூழாங்கற்களைத் தட்டினாற்போல் வறண்ட, ஒற்றைச் சத்தம், சற்று இடைவெளி விட்டு மறுபடியும். சத்தம் வரும் இடத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், அசையாமல் நில்லுங்கள். கிளைக்குக் கிளை ஊர்ந்து, ஒரு கணம் வெளிச்சத்துக்கு வரும். அப்போது பார்க்க வேண்டியது தலையை. நெற்றி தட்டையாகச் சரிந்து, நீளமான அலகோடு ஒரே கோடாகப் போகும். கீழ் அலகு வெளிறியிருக்கும். கண்ணுக்கு முன்னால் ஒரு மங்கலான வெளிர் கோடு இருக்கும், ஆனால் அது கண்ணைத் தாண்டி அதிகம் நீளாது. வாலின் நுனி வட்டமாக இருக்கும். கூப்பிடும்போது அதை வெடுக்கென்று விரித்து மூடும்.

தையல்சிட்டா என்று சந்தேகம் வந்தால் உச்சந்தலையைப் பாருங்கள். அங்கே செம்பழுப்பும் முதுகில் பச்சையும் இருந்தால் தையல்சிட்டு. அது வாலை நிமிர்த்தி வைத்திருக்கும், குரலும் வேறு. மரத்தின் மேல் இலைகளில் துருதுருவென்று திரிவது பச்சைக் கதிர்க்குருவியாக இருக்கலாம். அதுவும் வலசை வருவதுதான். ஆனால் வேலிக்குள் தரையை ஒட்டி ஒளிந்து திரிவது அதன் வழக்கம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூச்சியும் சிலந்தியும்தான் இதன் சாப்பாடு. உங்கள் அரிசியைத் தொடாததற்கு அதுவே காரணம். ஆனால் கல்யாண முருங்கையோ வலம்புரியோ பூத்திருந்தால் தேன் குடிக்கவும் வரும். அப்போது மகரந்தம் நெற்றியில் அப்பி, அந்த இடம் மட்டும் நிறம் மாறித் தெரியும். புதிய இனத்தைக் கண்டுவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். முகத்தில் பூவின் பொடி ஒட்டிய அதே குருவிதான்.

உங்கள் மகன் சொன்னதற்கு வருகிறேன். 'நாலு நாள் விருந்து' என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பின்லாந்து, எஸ்தோனியா தொடங்கி ரஷ்யா வழியாகச் சைபீரியா, மத்திய ஆசியா வரை இது குஞ்சு பொரிக்கிறது. அங்கே போய்ச் சேர்வது மே மாதத்தில், சில இடங்களில் ஜூனில்கூட. ஜூலை முடிவதற்குள் பல பறவைகள் திரும்பக் கிளம்பிவிடும். அதாவது அங்கே வாழ்வது இரண்டு, மூன்று மாதம்தான். நம் ஊரில் செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை இருக்கிறது. தேய்ந்த இறகுகளை உதிர்த்துப் புதிதாக முளைக்கவிடுவதும் குளிர்காலத்தைக் கழிக்கும் இந்தப் பக்கத்தில்தான். ஆண்டில் பாதிக்கு மேல் இங்கேயே உண்டு உறங்கும் ஒன்றை எப்படி விருந்தாளி என்பது? இது நம் ஊர்க் குருவி. குஞ்சு பொரிக்க மட்டும் வடக்கே போய் வருகிறது.

அந்தப் பயணமும் லேசானது இல்லை. ஐரோப்பாவில் குஞ்சு பொரிக்கும் கதிர்க்குருவிகளில் பெரும்பாலானவை குளிருக்கு ஆப்பிரிக்கா போகின்றன. இதுவோ கிழக்கே திரும்பி, மத்திய ஆசியாவைக் கடந்து, வடமேற்கு வழியாக இந்தியாவுக்குள் இறங்குகிறது. பின்லாந்திலிருந்து தமிழ்நாடு 6,000 கிலோமீட்டருக்கும் அதிகம். பறவையின் எடை 10, 12 கிராம். பெரும்பாலும் இரவில்தான் பறக்கும்.

'பாட்டும் இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். பாட்டு உண்டு, நீங்கள் கேட்கும் பருவம்தான் வேறு. வடக்கே கோடை இரவுகளில் ஆண் குருவி மற்றப் பறவைகளின் குரல்களையெல்லாம் எடுத்து, ஒவ்வொரு அடியையும் திரும்பத் திரும்பச் சொல்லி, விடிய விடியப் பாடும். இங்கே குளிர்காலத்தில் அதற்கு ஜோடி தேட வேண்டியதில்லை. தனியாக ஒரு புதரைப் பிடித்துக்கொண்டு, இன்னொன்று உள்ளே வராமல் காக்கிறது. நீங்கள் கேட்கும் 'டக், டக்' என்பதில் அந்த எச்சரிக்கையும் இருக்கிறது. பங்குனியில் விடியற்காலை எழுந்து வேலியருகே நின்று பாருங்கள். கிளம்புவதற்கு முன் அடித்தொண்டையில் பாடத் தொடங்கும். அதற்காக இப்போதே செல்பேசியில் அதன் பாட்டைப் போட்டு வெளியே வரவழைக்காதீர்கள். எதிரி வந்துவிட்டதென்று பதறி, தின்ன வேண்டிய நேரத்தை வீணாக்கும்.

இனி வேலி. அழகுக்காக ஒட்ட வெட்டிய வேலியில் இந்தக் குருவிக்கு இடமில்லை. ஒளிந்து இரை தேட அடர்த்தி வேண்டும், கீழே சருகு வேண்டும், பூச்சி வேண்டும். காலி மனைகளில் இருந்த புதரையெல்லாம் 'சுத்தம்' என்று வழித்துவிட்டோம். ஊருக்குள் மிச்சமிருப்பது உங்கள் வீட்டு வேலி போன்ற சில இடங்கள்தான். பூச்சிமருந்து அடிக்கவே அடிக்காதீர்கள். வெட்டியே ஆக வேண்டுமென்றால் சித்திரை கழியட்டும். அப்போதும் தையல்சிட்டோ தேன்சிட்டோ கூடு வைத்திருக்கிறதா என்று கிளை விலக்கிப் பாருங்கள். கூடு இருந்தால் குஞ்சு பறக்கும்வரை பொறுங்கள். இல்லையென்றால் இந்த ஆண்டு ஒரு பக்கம், அடுத்த ஆண்டு மறு பக்கம் என்று வெட்டிக்கொள்ளுங்கள்.