பாதியில் கார் பாலிசியை ரத்து செய்தால் எவ்வளவு பிடிக்கலாம்?

கேள்வி: ஐயா, வணக்கம். நான் திண்டுக்கல்லில் பள்ளி ஆசிரியர். என் காருக்கு ஓராண்டு ஃபுல் இன்சூரன்ஸ் எடுத்திருந்தேன். வரியோடு சேர்த்துக் கட்டியது 12,000 ரூபாய். கிளைம் எதுவும் வாங்கவில்லை. 146 நாட்கள் ஆன நிலையில் காரை ஈரோட்டுக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டேன். பாலிசியை ரத்து செய்யப் போனால், ஐந்து மாதக் கணக்கில் 60 சதவீதம் பிடிப்போம், ரத்துக் கட்டணம் தனியாக 500 ரூபாய், கைக்கு 4,300 ரூபாய்தான் வரும் என்கிறார்கள். வாங்கியவரோ, ரத்து செய்யாமல் தன் பெயருக்கு மாற்றித் தரச் சொல்கிறார். அதற்கு அவரிடம், கிளைம் வாங்காததற்காக எனக்குப் பிரீமியத்தில் தந்த தள்ளுபடியான நோ கிளைம் போனஸின் வித்தியாசமாக 3,540 ரூபாய் கேட்கிறார்களாம். இதெல்லாம் சட்டப்படி சரிதானா? ஆர்.சி. இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது. ஃபார்ம்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

பதில்: உங்கள் கேள்வி பணத்தைப் பற்றியது. ஆனால் எனக்குக் கவலை தருவது நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் விஷயம். ஆர்.சி. உங்கள் பெயரில் இருக்கும்வரை பாலிசியை ரத்து செய்யாதீர்கள். விண்ணப்பம் கொடுத்திருந்தால், அதை நிறுத்தி வைக்கும்படி இன்றைக்கே ஒரு மெயில் அனுப்பிவிடுங்கள்.

காரணம் இதுதான். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(30)-இன்படி, யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். பணம் கைமாறியது, சாவி கொடுத்தது, ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வாங்கியது எதுவும் விபத்தில் அடிபட்டவரைக் கட்டுப்படுத்தாது. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் கார் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எனப் பல கை மாறியிருந்தது. விபத்து நடந்தபோது ஆர்.சி. மட்டும் முதல் ஆளின் பெயரிலேயே இருந்தது. நஷ்ட ஈடு கொடுக்க வேண்டியவர் அவர்தான் என்றது நீதிமன்றம்.

உங்கள் நிலையை இதோடு சேர்த்துப் பாருங்கள். பாலிசியை ரத்து செய்து 4,300 ரூபாயை வாங்கிவிட்டீர்கள், ஆர்.சி. மாறவில்லை, வாங்கியவரும் புது இன்சூரன்ஸ் எடுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சமயத்தில் அவர் ஒருவர்மேல் மோதிவிட்டால், தீர்ப்பாயம் விதிக்கும் லட்சக்கணக்கான ரூபாய் உங்கள் தலையில்தான் விழும். பிறகு வாங்கியவர்மேல் நீங்கள் தனியாக வழக்குப் போட்டு வசூலிக்க வேண்டியதுதான். அதோடு, செல்லுபடியாகும் இன்சூரன்ஸ் இல்லாமல் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றமும் நடக்காது. ரத்து செய்த கையோடு அந்த வேலையும் நின்றுவிடும்.

விற்றவர் ஃபார்ம் 29 மூலம் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 50. கையெழுத்துப் போட்டு வாங்கியவரிடம் கொடுப்பது தெரிவித்தது ஆகாது. நீங்களே தாக்கல் செய்து அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது பணக் கணக்குக்கு வருவோம்.

அவர்கள் சொல்லும் 60 சதவீதம் எங்கிருந்து வந்தது? பழைய மோட்டார் டாரிஃபில், அதாவது வாகன இன்சூரன்ஸ் கட்டண விதிகளில், ஒரு குறுகிய கால அட்டவணை உண்டு. பாலிசிதாரர் தானாக ரத்து செய்தால் ஒரு மாதம் வரை 20 சதவீதம், இரண்டு மாதம் வரை 30 சதவீதம் என்று ஏறிக்கொண்டே போய், எட்டு மாதம் தாண்டினால் முழுப் பிரீமியத்தையும் நிறுவனமே வைத்துக்கொள்ளலாம். இந்த வாசகம் பல பாலிசி புத்தகங்களில் அச்சாகியிருக்கும். அதைக் காட்டித்தான் கவுன்ட்டரில் பேசுகிறார்கள்.

ஆனால் நிலைமை மாறிவிட்டது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது ஐ.ஆர்.டி.ஏ.ஐ., 11.6.2024 அன்று பொதுக் காப்பீட்டுக்கான மாஸ்டர் சுற்றறிக்கை ஒன்றை வெளியிட்டது. அதன்படி பாலிசிதாரர் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. பாலிசி ஓராண்டுக்குள் அடங்கியது, கிளைம் எதுவும் இல்லை என்றால், மீதமிருக்கும் காலத்துக்கான பிரீமியத்தை விகிதாசாரப்படி திருப்பித் தர வேண்டும். ஆணையத்தின் சுற்றறிக்கை நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். பாலிசி புத்தகத்தின் பழைய வாசகத்தைக் காட்டி அதைத் தள்ளிவிட முடியாது.

உங்கள் விஷயத்தில் 146 நாட்கள் என்பது ஆண்டில் சரியாக 40 சதவீதம். மீதி 219 நாட்கள், அதாவது 60 சதவீதம். 12,000 ரூபாயில் 7,200 ரூபாய் உங்களுக்கு வர வேண்டும். அவர்களோ 4,800 ரூபாய் என்று கணக்கிட்டு, அதிலும் 500 ரூபாயைக் கழித்திருக்கிறார்கள். மொத்தத்தில் உங்களிடமிருந்து 2,900 ரூபாய் குறைக்கப் பார்க்கிறார்கள். பிரீமியத்தை விகிதாசாரப்படி திருப்பித் தரச் சொல்லும் சுற்றறிக்கை, அதில் ரத்துக் கட்டணம் என்று ஒன்றைக் கழித்துக்கொள்ளலாம் என்று சொல்லவில்லை. எந்த விதியின்கீழ் அந்த 500 ரூபாய் என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்லும் கட்டணம் பல நேரம் எழுத்தில் வரவே வராது. பிரீமியம் குறையும்போது அதற்கான ஜி.எஸ்.டி.யும் அதே விகிதத்தில் குறைய வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். ரத்து ஆகும் நாள்வரை பிரீமியம் ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 33 ரூபாய் குறையும். ஆர்.சி. மாறும்வரை காத்திருக்கச் சொல்கிறேனே, அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை இவ்வளவுதான்.

இனி வாங்கியவர் கேட்பது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 157-இன்படி, வண்டி கைமாறிய தேதியிலிருந்து பாலிசியும் வாங்கியவருக்கு மாறியதாகக் கருதப்படும். ஆனால் இது தேர்ட் பார்ட்டி பொறுப்புக்கு, அதாவது விபத்தில் பாதிக்கப்படும் பிறருக்குத் தரும் நஷ்ட ஈட்டுக்கு மட்டும்தான் என்று கம்ப்ளீட் இன்சுலேஷன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. காருக்கே ஏற்படும் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதி தானாக மாறாது. வாங்கியவர் விண்ணப்பித்து நிறுவனம் ஏற்க வேண்டும். அதற்கு 14 நாட்கள் அவகாசம். அதுவரை கார் சேதமானால், வண்டியை விற்றுவிட்டீர்கள் என்று சொல்லி உங்கள் கிளைமை நிறுவனம் மறுக்கப் பார்க்கும். வாங்கியவருக்கும் கிளைம் கிடைக்காது, ஏனென்றால் ஒப்பந்தம் அவரோடு இல்லை. இதை அவரிடம் சொல்லுங்கள், தானாகவே வேகமாக ஓடுவார்.

அவரிடம் கேட்கும் போனஸ் வித்தியாசம் நியாயமானதுதான். நோ கிளைம் போனஸ் காருக்குக் கிடைப்பதில்லை, ஓட்டி வந்த உங்களுக்குக் கிடைத்தது. உங்கள் ஓன் டேமேஜ் பிரீமியம் போனஸ் இல்லாமல் 10,000 ரூபாயாக இருந்து, 50 சதவீதம் போனஸால் 5,000 ரூபாய் குறைந்திருந்தால், அந்தச் சலுகை புதியவருக்குப் போகாது. மீதமுள்ள 60 சதவீத காலத்துக்கு 3,000 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. 540 ரூபாய், ஆக 3,540 ரூபாய். அவர்கள் சொன்ன தொகை இப்படித்தான் வந்திருக்கும். வாங்கியவரிடம் அவருடைய பழைய காரின் போனஸ் கடிதம் இருந்தால் இந்தத் தொகை குறையும். இது தவிர, புதுச் சான்றிதழுக்கு டாரிஃபில் சொல்லப்பட்டிருக்கும் கட்டணம் 50 ரூபாய்தான்.

அதேபோல நீங்களும் உங்கள் போனஸுக்கு ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். காரை விற்ற அத்தாட்சியைக் காட்டினால் தருவார்கள். மூன்று ஆண்டுகளுக்குள் வாங்கும் அடுத்த காருக்கு அந்த 50 சதவீதத்தைப் பயன்படுத்தலாம். புதுக் காரின் பிரீமியத்தில் அது மிச்சம் பிடிக்கும் தொகை, நீங்கள் இப்போது சண்டை போடும் தொகையைவிடப் பெரிதாகவே இருக்கும். பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆதங்கம்.

அப்படியானால் ரத்தா, மாற்றமா? மாற்றிக் கொடுத்தால் நிறுவனம் உங்களுக்கு ஒரு ரூபாயும் தராது. மீதிக் காலம் முழுவதும் வாங்கியவருக்குப் போய்விடும். விலை பேசும்போது இன்சூரன்ஸைச் சேர்த்துப் பேசவில்லை என்றால், ஒரு தொகையை அவரிடம் கேட்பதில் தப்பில்லை. அவர் ஒத்துக்கொண்டால் மாற்றம்தான் இரண்டு பேருக்கும் பத்திரம். ஒத்துக்கொள்ளாவிட்டால் அவர் பெயரில் புதுப் பாலிசி எடுக்கச் சொல்லுங்கள். அதை வைத்து ஆர்.சி.யை மாற்றிய பிறகு, புதுப் பாலிசியின் நகலையும் மாறிய ஆர்.சி.யின் நகலையும் இணைத்து ரத்துக்கு விண்ணப்பியுங்கள். வண்டிக்கு வேறு இடத்தில் குறைந்தது தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸாவது இருக்கிறது என்று காட்டாமல் ரத்து செய்ய அவர்கள் மறுத்தால், அந்த மறுப்பு சரிதான்.

புதுக் கார் வாங்கி மூன்றாண்டு தேர்ட் பார்ட்டி பிரீமியம் மொத்தமாகக் கட்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. கோவை மருத்துவர் ராஜசேகரன் தொடர்ந்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவால் 2018 செப்டம்பரிலிருந்து வந்த ஏற்பாடு அது. அந்தப் பாலிசி ரத்தானால், இன்னும் தொடங்காத ஆண்டுகளின் பிரீமியத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று அதே 2024 சுற்றறிக்கை சொல்கிறது.

உங்களுக்குக் குறைத்துக் கொடுத்தால், நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு இப்படி எழுதுங்கள்: “ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 11.6.2024 மாஸ்டர் சுற்றறிக்கைப்படி, கிளைம் இல்லாத என் ஓராண்டுப் பாலிசிக்கு மீதி நாட்களின் பிரீமியத்தை விகிதாசாரப்படி தர வேண்டும். குறுகிய கால அட்டவணையையும் ரத்துக் கட்டணத்தையும் எந்த விதியின்கீழ் பயன்படுத்தினீர்கள் என்று எழுத்து மூலம் தெரிவிக்கவும்.” ஆணையத்தின் பீமா பரோசா என்ற புகார் தளத்திலும் அதையே பதிவு செய்யுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரியிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கவும் அனுமதி இல்லை. நீங்களே பேசலாம். நிறுவனத்தின் பதில் வந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இன்னொரு வழி. 5 லட்சம் ரூபாய் வரையிலான விஷயத்துக்கு அங்கேயும் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. ஆனால் ஒரே புகாரோடு இரண்டு இடத்துக்கும் போக முடியாது. 2,900 ரூபாய்க்கு ஆம்பட்ஸ்மேனே போதும்.