புல் தின்னாத கன்றுக்கு வட்டப்புழு வந்தது எப்படி?

பாலை மட்டும் குடிக்கும் ஒரு மாதக் கன்றின் சாணத்தில் புழு விழுந்தது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். அது வந்தது தாய்ப்பாலின் வழியாகத்தான். தோட்டத்து லயக் குடியிருப்புகளின் பக்கம் எதற்கெடுத்தாலும் பழி சுமக்கும் மலைப்புல்லுக்கு இதில் பங்கில்லை.

சாணத்தில் விழுந்தவை பென்சில் தடிப்பில் வெள்ளையாக இருந்தால், அவை பெரும்பாலும் டொக்ஸோகாரா விட்டுலோரம் என்னும் வட்டப்புழுக்கள். பசு விழுங்கிய புழு முட்டைகளிலிருந்து வந்த குடம்பிகள் (இளம்புழுக்கள்) அதன் உடலுக்குள் உறங்கிக் கிடந்து, கன்று ஈனும் காலத்தில் மடிக்கு வந்து, முதல் நாட்களின் பாலோடு கன்றின் சிறுகுடலை அடைந்து, மூன்று நான்கு வாரங்களில் முட்டையிடத் தொடங்குகின்றன.

சாணம் களிமண் நிறமாகவும் துர்நாற்றத்துடனும் இருக்கிறதா என்று பாருங்கள். புதிய சாணத்தை மிருக வைத்திய அலுவலகத்தில் கொடுத்தால், தடித்த ஓடுள்ள முட்டைகளை நுணுக்குக்காட்டியில் கண்டுகொள்வார்கள்.

கன்றின் வயிறு ஊதியிருந்தால் நீங்களாகவே குளிசை கொடுக்க வேண்டாம். ஒரேயடியாகச் சாகும் புழுக்கள் குடலை அடைத்துவிடக்கூடும். புழு பாலோடு வருகிறது என்பதற்காகச் சீம்பாலை நிறுத்துவதும் தவறு. அடுத்த கன்றுக்கு, இரண்டு மூன்று வார வயதிலேயே மருந்து கொடுப்பது பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.