பழைய கட்டடத்தை கலைக்கூடமா மாத்த கிராண்ட்: உங்க பட்ஜெட் பத்தி

பூட்டிக் கிடக்குற பொதுக் கட்டடத்த கலைக்கூடமா மாத்த கேட்ட கிராண்ட் (நிதியுதவி) எல்லாமே ரிஜெக்ட், காரணமும் சொல்லலன்னு எழுதியிருக்கீங்க, படிக்கவே கஷ்டமா இருந்துச்சு, ஏன்னா ஐடியா உண்மையிலேயே நல்லா இருக்கு. நீங்க போட்ட பட்ஜெட்ல கூரை ரிப்பேர், பசங்களுக்கு ஓவிய வகுப்பு, ஒருங்கிணைப்பாளர் சம்பளம் மூணும் ஒரே அப்ளிகேஷன்ல இருக்கு, சிக்கல் அங்கதான்னு நினைக்கிறேன். கலைக்கு நிதி குடுக்குற ஃபவுண்டேஷன்ல பல பேர் கட்டடச் செலவ தொடவே மாட்டாங்க, கட்டடத்துக்கு குடுக்குறவங்களோ முதல்ல கேக்குறது இடம் யார் பேர்ல இருக்கு, எத்தனை வருஷ லீஸ்னுதான். அதனால ரெண்டா பிரிங்க, முதல்ல ஓவிய வகுப்புக்கு மட்டும் சின்னத் தொகையா கேளுங்க, அத ஒழுங்கா நடத்திக் காட்டுனா கூரைக்கு கேக்கும்போது அதுவே பெரிய பலம்.

குழு இன்னும் ரெஜிஸ்டர் ஆகலன்னா, பதிவான ஒரு அமைப்பு உங்களுக்காக பணத்த வாங்கி கணக்கு பாக்கலாம், நிர்வாகச் செலவுக்கு அதுல குறிப்பிட்ட சதவீதம் எடுத்துப்பாங்க, அதையும் பட்ஜெட்லயே காட்டிடுங்க. தன்னார்வலர் நேரத்த செலவுல உங்க பங்கா கணக்கு காட்ட ஃபவுண்டேஷன் விடுறாங்களான்னும் அவங்க விதிமுறைல பாருங்க.

அப்புறம் "சமூகத்தை மேம்படுத்துவோம்" வரிய எடுத்துடுங்க ப்ளீஸ். எத்தனை பசங்க, வாரம் எத்தனை வகுப்பு, கடைசில என்ன கண்காட்சின்னு எழுதுங்க. அனுப்புறதுக்கு முன்னாடி அந்த ஃபவுண்டேஷன் போன வருஷம் யாருக்கு எவ்வளவு குடுத்தாங்கன்னு ஆண்டறிக்கைல பாத்துட்டு, அங்க அப்ளிகேஷன பாக்குற புரோகிராம் ஆபீசருக்கு ஒரு போன் போடுங்க.